பதினொரு வேண்டும், ஒரு வேண்டாம்

20 அக்டோபர், ஞாயிறு

உலகத்தில் பட்டினி கிடப்பவர்களைப் பற்றி எட்டு நிமிஷம் உருகி உருகிப் பேசிய காஜா மைதீன், உட்கார்ந்த கையோடு நான்கு உளுந்தவடை தின்றார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கேட்கவா முடியும்? வீடு தேடி வந்தவர்.

பழைய டைரிகளைக் கரையான் தின்றுவிட்டதால் எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. நான் கோமதிநாயகம். ரயில் தபால் பிரிவில் முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரித்தவன். எந்த ஊர் எந்த மூலையில் கிடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டையில் எங்கள் காலனிக்காரர்களைக் கூட்டி 'ஞாயிறு உலக மன்றம்' ஆரம்பித்தேன். ஒன்பது வருஷமாக, ஞாயிறு மாலை நாலரைக்கு, என் வீட்டு மொட்டை மாடியில் கூடி நாட்டு நடப்பு, உலக நடப்பு பேசுகிறோம். பன்னிரண்டு பேர். தலைவர் தியோடர் சார், கல்லூரியில் பௌதிகம் நடத்தியவர். செயலாளர் நான்.

விதிகளையும் நான்தான் எழுதினேன். ஒருவருக்கு எட்டு நிமிஷம், பிறகு மணி அடிக்கப்படும். உள்ளூர் விஷயம் பேசக்கூடாது. முதல் வருஷம் சாக்கடையைப் பற்றிப் பேசப்போய் இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்ததால் இந்த விதி. புது ஆளைச் சேர்க்க ரகசிய ஓட்டு. பன்னிரண்டு பேரும் 'வேண்டும்' என்று எழுத வேண்டும். ஒரே ஒரு 'வேண்டாம்' விழுந்தாலும் ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

ஞாயிறு காலையில் நான் குறிப்பு எழுதுவேன். என் சம்சாரம் ஆவுடை ஹாலில் தையல் மிஷினில் இருப்பாள். காலனிப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை அவள் தைப்பதுதான். மிஷின் பக்கத்தில் ரேடியோ எந்நேரமும் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். நான் சத்தமாக யோசிப்பேன். அவள் தைத்தபடியே ஏதாவது சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து ரேடியோ கேட்கிறவள், சில தேதி, சில பெயர் ஞாபகத்தில் இருக்கும். யோசனை என்னுடையது.

இன்று மழை. மாடியில் உட்கார முடியாமல் கூட்டத்தைக் கீழே ஹாலுக்கு இறக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் வியாழனன்று தீபாவளி வேறு வருகிறது, ஆவுடைக்குத் தலைக்கு மேல் வேலை, மிஷினை நிறுத்த மாட்டேன் என்றுவிட்டாள். அந்தக் கடகட சத்தத்தில்தான் நமச்சிவாயம் எழுந்தார். ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர். நாலரைக் கூட்டத்துக்கு நாலு மணிக்கே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிற ஆள். சம்சாரம் தவறியதில் இருந்து இதே பழக்கம்.

"சூயஸ் கால்வாயை மூடிட்டானுவ. அதான் சாமான் வெலையெல்லாம் ஏறுது. நான் போன மாசமே சொன்னேன்லா," என்றார்.

மிஷின் நின்றது.

"கால்வாயை மூடல அண்ணாச்சி," என்றாள் ஆவுடை, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "அது தெறந்துதான் கெடக்கு. தெக்க, செங்கடல் வாசல்ல ஏவுகணை விடுதானுவன்னு பயந்து கப்பல்காரனுவ அந்தப் பக்கமே வராம ஆப்பிரிக்காவச் சுத்திப் போறானுவ. பத்துப் பன்னெண்டு நாளு கூட ஆவும். எண்ணெச் செலவு கூட, இன்சூரன்ஸ் கூட. கால்வாய்க்காரனுக்கும் வரும்படி போச்சு, அவனும் அழுதுட்டுத்தான் இருக்கான்."

சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள். தியோடர் சார் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டு, "அம்மா, ஒம்பது வருசமா நீங்க கீழ இருக்கீங்க, நாங்க மேல உக்காந்து உளறிட்டு இருக்கோமா?" என்றார். அங்கேயே அவளை உறுப்பினராக்க முன்மொழிந்தார். காஜா மைதீன் வழிமொழிந்தார். அடுத்த ஞாயிறு ஓட்டு.

எனக்குப் பெருமைதான். பெண்டாட்டியை நாலு பேர் மெச்சினால் எந்தப் புருஷனுக்குப் பெருமை இருக்காது? ஆனால் ஒன்றை எழுதி வைக்கிறேன். இன்றைக்கு நான் பேச எழுதி வைத்திருந்ததும் அதே செங்கடல்தான். என் முறை வந்தபோது பையில் இருந்த தாளை எடுக்கவே முடியவில்லை. எழுந்து, மழை விட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

22 அக்டோபர், செவ்வாய்

"நெசமாவே மேல வருவியா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டா வாரேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "எட்டு நிமிசம் பத்துமா?" என்றாள்.

எதைப் பேசப்போகிறாளாம்? வங்காளதேசத்தில் சட்டை தைக்கிற பெண்களைப் பற்றியாம். "உலகத்துல பாதிப் பேரு சட்டை அவளுவ தைச்சதுதான். கவுர்மெண்டு கவுந்தா மொதல்ல பூட்டுதது அவளுவ மில்லுதான். ஆனா ஒரு பேப்பர்லயாவது அவளுவ பேரு வருதா? தைக்கவளுக்குத்தான் தைக்கவளோட வருத்தம் தெரியும்." சொல்லும்போது முகமே வேறாக இருந்தது. பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறாள்.

"மொதல்ல ஓட்டு முடியட்டும்," என்றேன். விதி என்றால் விதிதான்.

25 அக்டோபர், வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை. கேஸ்காரர் வரவில்லை. வந்தது காஜா மைதீன் மட்டும்தான், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு.

"ஒரே வீட்ல ரெண்டு பேச்சாளர். எது யாரு பேச்சுன்னு இனிமே எப்படிவே பிரிக்கது? நீருதான் பிரிக்கதுல கெட்டிக்காரராச்சே," என்று சொல்லிச் சிரிக்கிறார். நாலு வடை தின்ற வாய். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பிறத்தியார் வீட்டு விஷயத்தில் இவர்களுக்கு என்ன கொள்ளை?

தெருவில் பார்க்கிறவன் எல்லாம் 'மதினி எப்ப பேசுதாக' என்றுதான் கேட்கிறான். செயலாளர் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

27 அக்டோபர், ஞாயிறு

அநியாயம். இதை அநியாயம் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது?

ஓட்டு நடந்தது. எங்கள் வழக்கம், அவரவர் சீட்டை அவரவரே கொண்டுவர வேண்டும். ஓட்டுப்பெட்டி எங்கள் வீட்டு மல்லிப்பொடி டப்பா. நல்ல அகலவாய்த் தகர டப்பா, ஒன்பது வருஷமாக அதுதான். சேரப்போகிறவர் கூட்டத்தில் இருக்கக்கூடாது என்பதால் ஆவுடை கீழே இருந்தாள். எனக்குச் சீட்டுக்குத் தாள் அகப்படவில்லை. கடைசி நேரத்தில் அவள் மிஷின் பக்கத்துக் கம்பியில் குத்தியிருந்த துண்டுத் தாள் ஒன்றை உருவிக்கொண்டு மேலே ஓடினேன்.

தியோடர் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். வேண்டும். வேண்டும். வேண்டும். ஏழாவதோ எட்டாவதோ சீட்டில் நிறுத்தினார். "வேண்டாம்," என்றார், யாரோ இறந்த செய்தி சொல்கிற குரலில். கடைசியில் பதினொரு வேண்டும், ஒரு வேண்டாம். சீட்டுகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

எழுந்து நின்று கேட்டேன், "யாருவே அது? நேருக்கு நேர் சிரிச்சிட்டு முதுகுக்குப் பின்னால சீட்டு எழுதுத ஆம்பள யாரு?" என்று. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நமச்சிவாயம் மட்டும் என்னைப் பார்த்தார். போன வாரம் அவள் கையால் குட்டு வாங்கியவர் அவர்தானே? எனக்குக் கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

கீழே வந்து ஆவுடையிடம் சொன்னேன்.

"ஒண்ணுதானா?" என்றாள்.

"ஒண்ணுதான்."

"சரி," என்றாள். மாடிக்குப் போய் டம்ளர்களையும் டப்பாவையும் கழுவ எடுத்து வந்தாள். தூசி தட்டிய நோட்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

28 அக்டோபர், திங்கள்

பிச்சம்மாள் டீச்சரின் அளவுச் சீட்டைக் காணவில்லையாம். காலையில் இருந்து வீட்டைக் கவிழ்த்துத் தேடுகிறாள். தீபாவளி மூன்று நாளில். அளவெல்லாம் துண்டுத் தாளில் எழுதிக் கம்பியில் குத்தி வைத்தால் காணாமல்தான் போகும். ஒரு நோட்டுப் போட்டு எழுதக்கூடாதா என்று சத்தம் போட்டேன்.

29 அக்டோபர், செவ்வாய்

அளவுச் சீட்டு கிடைத்துவிட்டது. எங்கே கிடந்தது என்று கேட்டேன்.

"மல்லிப்பொடி டப்பாவுல," என்றாள். என் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

அளவுச் சீட்டு அங்கே எப்படிப் போகும்? இந்த வீட்டில் எந்தப் பொருள்தான் இருக்கிற இடத்தில் இருக்கிறது?

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

கல்யாணம் ஆனதில் இருந்து தீபாவளிக்கு அவள்தான் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். இன்று கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

3 நவம்பர், ஞாயிறு

மானம் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் தேர்தல். அதைப் பற்றி நான் பேசுவதாக ஏற்பாடு. காலையில் வழக்கம்போல மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக யோசித்தேன். "அதிக ஓட்டு வாங்கினவன் தோத்துப்போறதும் அந்த ஊர்ல உண்டு, இல்லியா?" என்றேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "மாகாணத்துக்கு மாகாணம் ஏதோ ஆள் கணக்கு வச்சிருக்கானே, அது எப்படி?" என்றேன். ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். என் தாளில் 'அமெரிக்கா' என்று தலைப்பு மட்டும் இருந்தது.

சாயங்காலம் மூன்று நிமிஷம் பேசினேன். அதிலும் ஒரு நிமிஷம் அமெரிக்கா எவ்வளவு பெரிய நாடு என்று சொன்னேன். நமச்சிவாயம் கை தூக்கி, "அதிக ஓட்டு வாங்குனவன் தோப்பானாமே, அது எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளக் கேட்டாரா, வேண்டுமென்று கேட்டாரா? நான் உட்கார்ந்துவிட்டேன். அடிக்கிற மணியைக் கையில் வைத்துக்கொண்டு தியோடர் சார் எட்டாவது நிமிஷத்துக்காகக் காத்திருந்தார். அதற்கு அவசியமே வரவில்லை.

வீட்டில் ஒரு மனுஷன் யோசிக்க முடியாதபடி மிஷினும் ரேடியோவும் அலறினால் என்னத்தைப் பேசுவது?

6 நவம்பர், புதன்

மைதானத்தில் நடைப்பயிற்சி. நமச்சிவாயத்தை மடக்கினேன். மனசில் வைத்துப் புழுங்குவது என் சுபாவம் இல்லை.

"நீருதான வேண்டாம்னு எழுதுனது?"

அவர் நின்றுவிட்டார். "என்னவே சொல்லுதீரு? மதினி சொன்னது எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு, இல்லங்கல. ஆனா அவுக சொன்னது சரி. வீட்ல போயி மேப்பப் பாத்தேன். வேண்டும்னுதான் எழுதுனேன்."

"யாரு நம்புவா?"

"பேரப்பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுதேன்வே. போதுமா?"

நடக்க வந்த நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் போதும் என்று சொல்லவில்லை. சத்தியம் எல்லாம் எதற்கு? யார் கேட்டார்கள்?

10 நவம்பர், ஞாயிறு

இன்று மன்றத்தில் உலகம் பேசப்படவே இல்லை. மைதானத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நமச்சிவாயம் எழுந்து, "பொண்டாட்டி சொல்லுதத எழுதிட்டு வந்து வாசிக்கதுக்கு ஒரு மன்றம், அதுக்கு ஒரு செயலாளர். இதுல எனக்குக் களவாணிப் பட்டம் வேறயா?" என்று கேட்டுவிட்டார்.

பன்னிரண்டு பேர் நடுவில். என் வீட்டு மாடியில். என் வீட்டு நாற்காலியில் இருந்து எழுந்து.

இதைப் பொறுத்துக்கொண்டால் நான் மனுஷனே இல்லை. செயலாளரையும் அவர் குடும்பத்தையும் அவமதித்த உறுப்பினரை நீக்க வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் கொண்டுவந்தேன். தியோடர் சார், "கோமதி, இது உள்ளூர் விசயம் இல்லையா? விதிப்படி பேசலாமா?" என்று இழுத்தார். மன்றத்தின் மானம் உள்ளூர் விஷயம் ஆகாது என்றேன். அடுத்த ஞாயிறு ஓட்டு. நீக்குவதற்குப் பாதிக்கு மேல் விழுந்தால் போதும். காஜா மைதீன் உட்பட ஏழு பேர் என் பக்கம் தலையை ஆட்டினார்கள். ஆள் காலி.

படி இறங்கும்போது நமச்சிவாயம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். ஆவுடை வாசல் வரை போய், "அண்ணாச்சி, மோர் குடிச்சிட்டுப் போங்க," என்றாள். அவர் குடிக்கவில்லை.

14 நவம்பர், வியாழன்

காலையில் ஆவுடை ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து என் காபி டம்ளருக்கு அடியில் வைத்தாள். ஒரு பக்கம் அவள் கையெழுத்து. 'பிச்சம்மா டீச்சர், கை 10, கழுத்து 6½.' அதைத் திருப்பிப் போட்டாள்.

"எழுத்த மாத்தி எழுதுனீக. தாளயும் மாத்தியிருக்கலாம்லா," என்றாள்.

இதைப் பற்றி எழுத எனக்கு இப்போது நேரம் இல்லை. மின்கட்டணம் கட்டப் போக வேண்டும்.

16 நவம்பர், சனி

நான்தான் எழுதினேன்.

எழுதிவிட்டேன். அந்த ஒரு வேண்டாம் என்னுடையது. கொட்டை எழுத்தில், இடது பக்கம் சாய்த்து, வேறு யாரோ எழுதியதுபோல எழுதினேன். அவசரத்தில் தாளின் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருஷம் லட்சக்கணக்கான தபாலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துப் பிரித்தவன், ஒரு துண்டுத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நாலு வாரமாக இந்த டைரியில் யார் மேல் எல்லாம் பாய்ந்திருக்கிறேன் என்று இன்று வாசித்தேன். வாசிக்க முடியவில்லை. எவனோ ஒரு அயோக்கியன் எழுதியதுபோல இருக்கிறது. காஜா மைதீன் தின்ற வடையைக்கூட எண்ணியிருக்கிறான்.

இன்று மத்தியானம் அவள் கேட்டாள். மிஷினை நிறுத்திவிட்டு, என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். "என்னத்துக்கு?"

"எனக்கே தெரியல ஆவுடை."

"தெரியாம ஒருத்தரு எழுத்த மாத்தி எழுத மாட்டாரு. சொல்லுங்க."

சொன்னேன். "நீ மேல வந்துட்டா நான் என்னத்தப் பேச? எனக்குன்னு என்ன இருக்கு?"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கத்த ஒரு வழி கிடைத்திருக்கும்.

"நான் கேட்டது எட்டு நிமிசம்," என்றாள். "ஒங்களுக்கு ஒம்பது வருசம் குடுத்திருக்கேன்."

எழுந்து போகும்போது திரும்பி, "நாளைக்கு அந்த மனுசன வெளிய தள்ளப்போறீக. அவுகளுக்கு ஞாயித்துக்கிழமைய விட்டா வேற போக்கிடம் கெடையாது. நீங்க சொல்லுதீகளா, நான் மேல வந்து சொல்லட்டுமா?" என்றாள்.

17 நவம்பர், ஞாயிறு

நமச்சிவாயம் இன்று நாலு மணிக்கு வரவில்லை. நாலு முப்பத்தைந்துக்கு வந்தார். கடைசி நாற்காலியில், யாருக்கோ உரிய இடத்தில் உட்கார்ந்ததுபோல ஓரமாக உட்கார்ந்தார்.

எழுந்து சொல்லிவிடலாம் என்றுதான் மாடிக்குப் போனேன். வாய் வரவில்லை. இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தேன். தியோடர் சார், "ஏதும் சொல்லணுமா கோமதி?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன், இல்லை என்று. உலகத்தில் எவனுக்கெல்லாம் தைரியம் இல்லை என்று இதே மாடியில் எத்தனை எட்டு நிமிஷம் முழங்கியிருக்கிறேன். எந்தத் தலைவன் கோழை, எந்த நாடு பொய் சொல்லுகிறது, யார் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும்.

டப்பா சுற்றி வந்தது. சீட்டில் எழுதிப் போட்டேன்.

தியோடர் சார் வாசித்தார். நீக்கலாம். நீக்கலாம். நீக்க வேண்டாம். நீக்கலாம். அப்புறம் ஒரு சீட்டைப் பிரித்துவிட்டு வாசிக்காமல் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி பார்த்து, வாசித்தார்.

"நமச்சிவாயம் இல்லை. அந்த வேண்டாம் நான் எழுதியது. ச. கோமதிநாயகம், செயலாளர்."

ரகசிய ஓட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. காஜா மைதீன் கையில் எடுத்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

நமச்சிவாயம் திட்டுவார், செருப்பைக்கூடக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். "பேரப்பிள்ள தலையில சத்தியம் பண்ண வச்சிட்டீரே வே. அன்னைக்கு ராத்திரி பூரா அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சிருமோன்னு பயந்துட்டுக் கெடந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். அடித்திருக்கலாம்.

நமச்சிவாயத்தை நீக்கும் தீர்மானத்தை அத்தோடு கைவிட்டார்கள். என்னைச் செயலாளர் பதவியில் இருந்து எடுத்தார்கள். மூன்று மாசம் கூட்டத்தில் உட்காரக்கூடாது. அதற்குச் சீட்டு வேண்டியிருக்கவில்லை, கையே போதும். நானும் தூக்கினேன்.

பிறகு தியோடர் சார் மாடிச் சுவரில் இருந்து எட்டிப் பார்த்து ஆவுடையைக் கூப்பிட்டார். அவள் மேலே வந்தாள். "அம்மா, ஒரு வருசம் காத்திருக்க வேண்டாம். அந்த விதியைத் தூக்கிப்போட்டாச்சு. ஓட்டும் வேண்டாம். இந்த நிமிசமே உங்கள சேத்துக்கிடுதோம்," என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குக்கூட, வெட்கமில்லாமல், சரி என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு ஆசை இருந்தது.

"நான் எங்கயும் சேரல சார்," என்றாள். "ஒருத்தி வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, அவளயே உள்ள விடலாமா விடக்கூடாதான்னு சீட்டுப் போட்டுப் பாத்தீகள்லா? என் வீட்ல, என் டப்பாவுல. அந்த டப்பாவக் குடுங்க. நாளைக்கு மல்லி வறுக்கணும்."

டப்பாவை வாங்கி, உள்ளே இருந்த சீட்டுகளைத் தட்டில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

20 நவம்பர், புதன்

நமச்சிவாயம் வீட்டுக்குப் போனேன். மருமகள் கதவைத் திறந்து, மாமா தூங்குகிறார்கள் என்றாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தேன்.

24 நவம்பர், ஞாயிறு

நாலு மணிக்கு வாசலில் சத்தம். நமச்சிவாயம். படியில் உட்காரவில்லை. என்னைத் தாண்டி நேரே ஹாலுக்குள் வந்து, மிஷினுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மதினி, அந்த அமெரிக்கா விசயத்தச் சொல்லுங்க. அதிக ஓட்டு வாங்குனவன் எப்படித் தோப்பான்? எனக்கு மூணு வாரமா மண்டைக்குள்ள கொடையுது," என்றார்.

ஆவுடை சிரித்தாள். ஒரு மாசம் கழித்து அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். துணியைத் தைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். காஜா மைதீன் வந்தார், மாடிக்குப் போகாமல் அங்கேயே நின்றார். பிறகு தியோடர் சார். நாலரைக்குள் பதினொரு பேரும் ஹாலில் இருந்தார்கள். பாதிப் பேர் தரையில். மணியைத் தியோடர் சார் கையில் வைத்திருந்தார், ஆனால் அடிக்கவே இல்லை.

எனக்குத் தண்டனைக் காலம். சமையலறையில் வடை சுட்டேன். முதல் முறை சுடுகிறேன், ஒன்றும் வடையாக வரவில்லை. எண்ணெய் தெறித்துக் கையெல்லாம் கொப்புளம். வாசல்நிலை வழியாக அவள் முதுகும் மிஷின் சக்கரமும் மட்டும் தெரிந்தது.

அமெரிக்கா முடிந்து, அவள் ஆசைப்பட்ட பேச்சுக்கு வந்தாள். அந்தத் தூசி தட்டிய நோட்டு மடியில் இருந்தது. டாக்காவில் ஒரு சட்டைக்கு ஒருத்தி காலர் மட்டும் தைப்பாள், இன்னொருத்தி கை மட்டும் தைப்பாள், முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே ஒருத்திக்கு வயசாகிவிடும் என்றாள். சிட்டகாங்கில் கப்பலில் ஏற்றுகிற சட்டை ஐரோப்பாவுக்குப் போக இப்போது ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியிருக்கிறது, பிந்தி வந்தால் அங்கே வாங்குகிறவன் விலையைக் குறைக்கிறான், அவன் குறைப்பதை இங்கே தைக்கிறவள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றாள். "எங்கயோ கடல்ல குண்டு விழுது. டாக்காவுல ஒருத்தி ராத்திரிச் சோத்துக்கு இல்லாம படுக்கா. இதுக்கு நடுவுல யாரு தப்பு?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. ஆனால் இந்த வீட்டில் அப்படி ஒரு கோபத்தை நான் கேட்டதில்லை. என்னுடைய கத்தல் எல்லாம் என்ன கத்தல்?

நடுவில் ஒரு இடத்தில் நின்றாள். "அந்தச் செங்கடல் வாசல்ல, ஏமனுக்கு எதிர்த்த கரையில ஒரு குட்டி நாடு. எல்லா நாட்டுக்காரனும் அங்க பட்டாளத்த எறக்கி வச்சிருக்கான். பேரு நாக்குல நிக்குது, வர மாட்டேங்குது."

தியோடர் சாருக்குத் தெரியவில்லை. காஜா மைதீனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். எனக்குப் பேச அனுமதி இல்லை.

அவள் நாற்காலியில் இருந்து பாதி திரும்பினாள். "இந்தாருங்க, அது என்ன ஊரு?"

"ஜிபூட்டி," என்றேன், அடுப்படியில் இருந்து.

"ஜிபூட்டி," என்று அவர்கள் பக்கம் திரும்பினாள். "அவுக சொல்லுதாக. ஊர்ப் பேரெல்லாம் அவுகளுக்குத்தான் தெரியும்." மறுபடி பேச்சைத் தொடர்ந்தாள்.

எண்ணெயில் கிடந்த வடை கருகிப் புகைந்தது. எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒன்பது வருஷம், நானூறு ஞாயிறுக்கு மேல் இருக்கும். அவள் சொன்னதை எல்லாம் அந்த மாடியில் நின்று சொல்லியிருக்கிறேன். 'ஆவுடை சொல்லுதா' என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.